வசனத்தில் இல்லாத நோய்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஓர் ஆட்டோக்காரர் என்னை நெருங்கி, "இன்னாம்மா, எங்க போவணும்? வண்டி ரெடியா கீது" என்றார். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவள் நான். ஈப்போவில் வீட்டிலும் கோயிலிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் அந்தக் 'கீது' எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பாட்டு ஏதோ பாடப்போகிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"தாம்பரம்" என்றேன்.

"மேற்கா, கெழக்கா?"

அது எனக்குத் தெரியாது. அவரே கிழக்கு என்று முடிவு செய்து கொண்டுபோய் இறக்கினார். விசாரித்தால் நான் போகவேண்டியது மேற்கு. இந்த ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கத்துக்காரர்கள் மறுபக்கத்தை வெளியூர் மாதிரிதான் பேசுகிறார்கள். பெட்டியோடு ரயில்வே கேட்டில் நின்றேன். ஒரு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்த்திசையில் இன்னொன்று போயிற்று. அப்போதும் திறக்கவில்லை. பக்கத்தில் கீரைக்கூடையோடு நின்ற பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேஜாரா கீதா? தினிக்கும் இப்டித்தான்" என்றார். 'அலுப்பாக இருக்கிறதா' என்பது அதன் பொருள். அதை மட்டும் உடனே புரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரத்துக்குத் தெற்கே புதிதாக ஆரம்பித்திருந்த ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்கு இரண்டு வார வேலை. மலேசியாவில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் மாணவர்களுக்கு ஒரு புது மாதிரியான பயிற்சியைச் சில ஆண்டுகளாகச் செய்துவந்தோம். நோயாளியாக நடிக்க வெளியாட்களை அழைத்துவந்து உட்காரவைப்போம். மாணவர் அவரிடம் பேசி, என்ன தொந்தரவு என்று கண்டுபிடிக்கவேண்டும். புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்லும் மாணவர்கள்கூட ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்தால் வாயடைத்துப் போகிறார்கள். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. தேர்விலும் ஒருவருக்குச் சுலபமான நோயாளி, இன்னொருவருக்குக் கஷ்டமான நோயாளி என்ற அதிர்ஷ்டக் கணக்கு இல்லாமல் போகும். எல்லோருக்கும் ஒரே நோயாளி, ஒரே கதை.

இதைக் கேள்விப்பட்டு என்னை அழைத்தவர் பேராசிரியர் ஆளவந்தார். கல்லூரியின் பொது மருத்துவத் துறைத் தலைவர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டு மாடியில்தான் எனக்கு அறை. வாசலிலேயே வரவேற்று, "ஸ்டூடண்ட்ஸ்கிட்ட எல்லாம் இருக்கு டாக்டர். வாய் மட்டும் இல்ல. அதைத்தான் நீங்க குடுக்கணும்" என்றார்.

மறுநாள் காலை இட்லிக்கு வடகறி வைத்தார்கள். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பாக்கியது போன்ற பண்டம். ஈப்போவில் என் காலை உணவு ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும். அதோடு ஒப்பிட்டால் இது இன்னும் காரம், இன்னும் சோம்பு வாசனை. நான்காவது இட்லி வைக்கும்போது மறுக்கவில்லை. "பசியாறிட்டேன்" என்று சொன்னதும் பேராசிரியரின் மனைவி என்னை வியப்போடு பார்த்தார். எங்கள் ஊரில் அதுதான் தினசரிச் சொல். இங்கே அது மேடைப் பேச்சு போலக் கேட்டதாம்.

கல்லூரிக்குப் பேருந்தில்தான் போவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். முதல் நாளே அந்தப் பிடிவாதம் ஆட்டம் கண்டது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று இருப்பது தெரியாமல் நான் பின்வாசல் வழியாக ஏறி, ஆண்களுக்கு நடுவில் கம்பியைப் பிடித்து நின்றேன். "யம்மா, முன்னாடி வந்துடு" என்று நடத்துநர் சத்தம் போட, அத்தனை பேரும் ஒதுங்கி எனக்கு ஒரு சந்து விட்டார்கள். அந்தச் சந்து வழியாக நான் முன்னால் போய்ச்சேர்வதற்குள் பெருங்களத்தூர் வந்துவிட்டது.

நடிப்பதற்கு ஆளவந்தார் ஏற்பாடு செய்திருந்தவர்கள் சுற்றுவட்டாரக்காரர்கள். எழுத்தறிவுப் பிரசாரத்துக்காகத் தெருமுனைகளில் நாடகம் போட்டவர்கள். அனகாபுத்தூரிலிருந்தும் பீர்க்கன்கரணையிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்களுக்கான கதைகளை ஈப்போவிலேயே தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முதல் கதையைப் படித்ததுமே ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டாக்டரம்மா, 'எனக்கு இதயம் படபடக்கிறது'ன்னு எழுதிகீது. இப்டி யாரு பேசுவாங்க? ரேடியோவுல நியூஸ் படிக்கிறவங்கதான் பேசுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நீ எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டேன்.

"நெஞ்சு தட்தட்டுன்னு அடிச்சிக்குதும்பேன்."

அவள் பெயர் தனலட்சுமி. எல்லோருக்கும் தனம். முப்பது வயதுக்கு உட்பட்டவள். பல்லாவரம் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கையுறை தைக்கிற வேலை. வீடு பீர்க்கன்கரணையில். அவளுக்கு நான் கொடுத்திருந்தது ஒரு தையற்காரியின் கதை. நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறாள். உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. கணவனுக்கு வேலை போய்விட்டது, அதை வெளியே சொல்லக் கூச்சம். மாணவர் வீட்டு நிலைமையை இதமாக விசாரித்தால்தான் உண்மை வெளியே வரும்.

ஒத்திகையில் ஆளவந்தார் மாணவர் இடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். தனம் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள், நான் எழுதாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

"கம்பெனியில மாடி ஏறினா மூச்சு வாங்குது சார். பாதியில நின்னுடுவேன். யாராச்சும் பாத்தா, பொடவைய சரி பண்றாப்பல நிப்பேன்."

"பிரமாதம்!" என்று பேராசிரியர் கை தட்டினார். "இதையும் சேத்துக்கலாம் டாக்டர். நேச்சுரலா இருக்கு." மற்ற நடிகர்களும் கை தட்டினார்கள். தனத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு.

முதல் வாரம் பாடங்களிலும் ஒத்திகையிலும் போயிற்று. மாலைகளில் தாம்பரம் சந்தைப் பக்கம் நடப்பேன். மழைக்காலம். சேற்றில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி டம்ளரில் கொடுக்கிற தேநீரை எங்கள் ஊர்த் தே தாரிக்கைப் போலவே இழுத்து ஆற்றுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர் அதை நிதானமாகச் செய்வார். இங்கே கடைக்காரர் பேருந்தைப் பார்த்துக்கொண்டே ஆற்றுகிறார். குடிப்பவரும் பேருந்தைப் பார்த்துக்கொண்டேதான் குடிக்கிறார்.

ஒரு சனிக்கிழமை மாதிரித் தேர்வு வைத்தோம். நீண்ட தாழ்வாரம், வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் நோயாளியாக ஒரு நடிகர், மதிப்பெண் போட ஓர் ஆசிரியர், உதவிக்கு ஒரு செவிலியர். நான் தாழ்வாரத்தில் நின்று மணி அடிப்பேன். மணி அடித்தால் மாணவர்கள் அடுத்த அறைக்கு நகரவேண்டும். உடம்பைப் பரிசோதிக்கத் தேவையில்லை, 'இதயத்தைக் கேட்பேன்' என்று வாயால் சொன்னால் போதும், ஆசிரியரே முடிவைச் சொல்லிவிடுவார். நேரம் மிச்சமாகட்டும் என்று அப்படி வைத்திருந்தோம்.

தனத்தின் அறையில் மதிப்பெண் போட்டவர் ஆளவந்தார். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பாதித் தேர்வில் ஒருமுறை மணி அடித்ததும் எல்லா மாணவர்களும் நகர்ந்தார்கள், ஒருத்தியைத் தவிர. ரெஜினா என்ற மூன்றாம் ஆண்டு மாணவி. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவள். அவள் தனத்தின் அறை வாசலிலேயே நின்றாள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கண்களில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

உள்ளே நடந்ததை அங்கிருந்த செவிலியர் பிறகு எனக்குச் சொன்னார். வாயால் சொல்லவேண்டியதை ரெஜினா செய்தே பார்த்துவிட்டாள். தனத்தைக் கட்டிலில் படுக்கவைத்து, இடப்பக்கமாகத் திரும்பச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டிருக்கிறாள்.

"இதயம் நார்மல்னு வெச்சுக்கோம்மா. அடுத்த கேள்விக்குப் போ" என்றிருக்கிறார் ஆளவந்தார்.

"நார்மல் இல்ல சார். மர்மர் இருக்கு. துடிப்புக்கு நடுவுல இரைச்சல் கேக்குது."

"கேஸ்ல நார்மல்."

"கேஸ்ல நார்மல்தான் சார். அவங்களுக்கு நார்மல் இல்ல."

அதற்குள் நான் மணி அடித்துவிட்டேன்.

"அடுத்த ரூமுக்குப் போம்மா" என்று ஆளவந்தார் வாசலுக்கு வந்து சொன்னார். குரலில் எரிச்சல். "ஒருத்தி நின்னா லைனே நிக்கும்."

"சார், நீங்க ஒரு தடவ கேட்டுப் பாருங்க சார்" என்றாள் ரெஜினா. அவள் நகரவில்லை.

தாழ்வாரம் முழுக்க எங்களைப் பார்த்தது. நான் மணியைக் கீழே வைத்தேன். "தேநீர் இடைவேளை" என்று அறிவித்தேன். இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆளவந்தார் உள்ளே போனார். நானும் போனேன். அவர் தம் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துத் தனத்தின் மார்பில் வைத்தார். முதலில் அலட்சியமாகத்தான் வைத்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எழுந்து என்னிடம் ஸ்டெதஸ்கோப்பை நீட்டினார்.

நான் கேட்டேன். முதல் ஒலி கதவை அறைவது போல் இருந்தது. அதற்குப் பின்னால், மிகத் தாழ்வாக, தூரத்தில் ஒரு லாரி போவது போன்ற உறுமல். சிறுவயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, அது இதயத்து வால்வைத் தழும்பாக்கிச் சுருக்கிவிட்டால் கேட்கிற சத்தம் அது. படி ஏறினால் மூச்சு வாங்குவது நடிப்பு அல்ல.

ஆளவந்தார் வெளியே போய் ரெஜினாவின் முன் நின்றார். "நீ கேட்டது சரிதாம்மா" என்றார். மற்ற மாணவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "இதை அந்தப் பொண்ணுக்கு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். நோயாளிக்கு விரும்பத்தகாத செய்தியைச் சொல்வது எப்படி என்று அன்று பிற்பகல் நான்தான் பாடம் எடுப்பதாக இருந்தது.

தனம் வெளியே மற்ற நடிகர்களோடு உட்கார்ந்து மசால்வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை அறைக்குள் அழைத்து உட்காரவைத்தேன். ரெஜினாவையும் கூட இருக்கச் சொன்னேன். பாடத்தில் சொல்கிற எல்லாவற்றையும் செய்தேன். அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். மெதுவாக ஆரம்பித்தேன். "தனம், உன் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இது நான் படிச்ச வசனத்துல இல்லியே டாக்டரம்மா! நடுவுல மாத்திட்டீங்களா?"

"மாத்தல. இது நிஜம்."

"இப்ப நான் இன்னா பண்ணணும்? அழுவணுமா?"

அவளை நடிக்க அழைத்ததும் நாங்கள், பொய்யை நிஜம் போலச் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள். இப்போது நிஜத்தைச் சொன்னால் எப்படி நம்புவாள்? அப்போது ரெஜினா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பரீட்சை முடிஞ்சிடுச்சு. மாடி ஏறினா நின்னுடுவேன்னு சொன்னீங்களே, அது யாரு எழுதிக் குடுத்தது?"

தனத்தின் சிரிப்பு மெல்ல நின்றது. "யாரும் எழுதல. எனக்கு அப்டித்தான் ஆவும். எல்லாருக்கும் அப்டித்தான் ஆவும்னு நெனச்சிகினு இருந்தேன்."

"எல்லாருக்கும் ஆகாதுக்கா."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்போ கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"எந்தக் குழந்தை?"

ரெண்டு மாசம் தள்ளிப் போயிருப்பதாகவும், மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று இருந்ததாகவும் சொன்னாள். ரெஜினா என்னைப் பார்த்தாள். இப்படிச் சுருங்கிய வால்வோடு கர்ப்பம் முற்றினால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ரத்தம் பெருகப் பெருக அந்தச் சின்ன வாசல் தாங்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

"எங்க வூட்டுக்காரருகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றாள் தனம். "நான் சொன்னா, 'உன் நாடகத்த வேற எங்கனா வெச்சுக்கோ'ன்னுவாரு."

அன்று மாலையே மூவரும் கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது. பேருந்து ஜி.எஸ்.டி. சாலையில் உறுமிவிட்டு நின்றேபோயிற்று. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான், எறங்கிக்கோங்க" என்றார். ஒரு குடையில் மூன்று பேர் நடந்தோம். தனத்தை வேகமாக நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதே எனக்கும் ரெஜினாவுக்கும் வேலையாக இருந்தது. நாங்கள் மெதுவாக நடக்கிறோம் என்று அவள்தான் எங்களைக் கேலி செய்துகொண்டு வந்தாள். பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி, தண்ணீர் கரையோரத்து வீடுகளுக்கு அருகே பளபளத்தது.

தனத்தின் கணவர் முருகேசன் சுவருக்குச் சாயம் அடிக்கிறவர். மழையில் வேலை இல்லாததால் வீட்டில்தான் இருந்தார். எங்களைப் பாயில் உட்காரவைத்து, தானே தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் நிதானமாகக் கேட்டார்.

"நடிக்க வாங்கன்னுதானே இட்டுனு போனீங்க? இப்ப நோயாளி ஆக்கி அனுப்பறீங்க?"

"நாங்க ஆக்கல—"

"இருங்க மேடம். உங்க ஆஸ்பத்திரி புச்சு. பெட்டு ரொம்பணும்னு ஊர் ஊரா வேன் வுட்டு ஆளப் புடிச்சிகினு போறாங்கன்னு சொல்றாங்க. சாப்பாடு போட்டுப் படுக்கவெச்சி, பசங்க வந்து தட்டித் தட்டிப் பாப்பாங்களாம். எம் பொண்டாட்டியும் அதுக்குத்தானா?"

அவர் கேட்டதில் எது வதந்தி, எது நிஜம் என்று வெளிநாட்டிலிருந்து வந்த எனக்கு எப்படித் தெரியும்? தனம் அடுப்பு ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அண்ணா, முதல்ல உங்க நெஞ்சுல வெச்சுக் கேளுங்க. அப்புறம் அக்காவோடத கேளுங்க."

அவர் தயங்கினார். பிறகு வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். தம் நெஞ்சைக் கேட்டார். தனத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் நெஞ்சைக் கேட்டார். மறுபடி தம்முடையதைக் கேட்டார். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. என்ன கேட்டிருக்க முடியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்ல" என்றார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். "ஆனா உங்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டோம்."

"வரவேண்டாம்" என்றேன். "ஊருக்குள்ளே அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே வேறே டாக்டர்கள் சொல்லட்டும். நானும் கூட வர்றேன்."

அவர் அதற்கு ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். முருகேசன் அடுத்த பெட்டியில். நாங்கள் மூவரும் பெண்கள் பெட்டியில். எங்கள் நாட்டில் காரில்லாமல் நான் எங்கும் போவதில்லை. இந்த ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஒரு வருடத்துக்கான மனிதர்களைப் பார்த்துவிடலாம். பூ கட்டிக்கொண்டு ஒருத்தி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு அலுவலகம் போகிற ஒருத்தி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் தனத்தின் முகத்தைப் பார்த்தே எழுந்து இடம் கொடுத்து, "எத்தன மாசம்?" என்று கேட்டார். தனம் திடுக்கிட்டாள். "மூஞ்சியிலயே எழுதிகீதே" என்றார் அவர். இதை நாங்கள் கண்டுபிடிக்க ஒரு பரீட்சை தேவைப்பட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் இருட்டறையில் தனத்தின் இதயம் திரையில் அசைந்தது. அங்கிருந்த இளம் மருத்துவர் வால்வைக் காட்டி, நாங்கள் கேட்டதையே சொன்னார். மருந்து கொடுத்துக் கண்காணித்து, ஐந்தாம் மாதவாக்கில் அறுவை செய்து வால்வைத் திறந்துவிடலாம், இதயத்தை நிறுத்தவேண்டியதில்லை என்றார். முருகேசன் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். அந்த மருத்துவர் இரண்டு தடவையும் அலுக்காமல் சொன்னார். அதை ரெஜினா கவனித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முன் கல்லூரியில் ஒரு கூட்டம். ரெஜினாவுக்கு அந்த அறையில் என்ன மதிப்பெண் போடுவது என்பதே முதல் பேச்சு. முழு மதிப்பெண் என்றார் ஒருவர். ஆளவந்தார் மறுத்தார்.

"மத்த பசங்க என்ன தப்பு பண்ணாங்க? கேக்கவேண்டாம்னு நாமதான் சொன்னோம். சொன்னதைச் செஞ்சாங்க. பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒரே அளவுதானே?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரெஜினாவையே கூப்பிட்டுக் கேட்டோம்.

"எனக்கு அந்த மார்க் வேணாம் சார்" என்றாள். "வீட்ல என்ன நிலைமைன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா கர்ப்பம்னு அப்பவே தெரிஞ்சிருக்கலாம். மத்தவங்க அதைக் கேட்டாங்க. நான் நெஞ்சை மட்டும்தான் கேட்டேன்."

அவளுக்குக் கிடைத்த குறைந்த மதிப்பெண்ணே இருக்கட்டும் என்று விட்டோம். ஆனால் இனி நடிக்க வருகிறவர்களை முதலில் ஒரு மருத்துவர் முழுதாகப் பரிசோதிக்கவேண்டும், மாணவர்களும் வாயால் சொல்லாமல் கையால் செய்துபார்க்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஈப்போ திரும்பியதும் எங்கள் கல்லூரியிலும் அப்படியே மாற்றினேன். கற்பிக்கப் போன இடத்திலிருந்து நான் கொண்டுவந்தது அது.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை ஆட்டோக்காரரிடம், "மேற்கு" என்று அவர் கேட்கும் முன்பே சொன்னேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆளவந்தார் நடந்ததைச் சொன்னார். ரெஜினா ஒவ்வொரு வாரமும் தனத்தைப் பார்க்கப் போயிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவாள், வார்டில் உட்காருவாள், அறுவை நாளன்று முருகேசனோடு தாழ்வாரத்தில் நின்றிருக்கிறாள். வால்வு நன்றாகத் திறந்தது. குழந்தை கொஞ்சம் எடை குறைவு, பெண். இதற்கெல்லாம் நடுவில் ரெஜினாவுக்கு வகுப்பு வருகை குறைந்து, பரீட்சை எழுத முடியாத நிலை வந்துவிட்டது.

"என் மேஜைக்குத்தான் வந்தது" என்றார் ஆளவந்தார். "ஆப்சென்ட் போட்டது நான்தான். போட்டுட்டு யோசிச்சேன். அந்த வருஷம் நம்ம காலேஜ்லயே நிஜமா மெடிசின் படிச்ச பொண்ணு அவ ஒருத்திதான். அவளை எப்படி ஆப்சென்ட்னு எழுதறது?"

அவர் டைம்டேபிளையே மாற்றிவிட்டார். வியாழக்கிழமை பிற்பகல் வகுப்பு கிடையாது. ஒவ்வொரு மாணவருக்கும் சுற்றுவட்டாரத்தில் ஒரு குடும்பம். முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டுவரை அதே குடும்பம். சம்மதித்தவர்கள் வீடு மட்டும்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பது அவர்கள் இஷ்டம். மற்றப் பேராசிரியர்கள் நேரம் பறிபோகிறது என்று இன்னும் சண்டை போடுவதாகச் சொல்லிவிட்டு, ரசத்தைக் கலக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை நானும் பேருந்தில் கிளம்பினேன், முன்வாசல் வழியாக. வண்டி முழுக்க மாணவர்கள். "இன்னாடா இது, வியாழக்கெழம ஆனா வண்டி பூரா டாக்டருங்க" என்று நடத்துநர் சலித்துக்கொண்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போகிறவர்கள் எதிர்ச்சாரியில் நின்றார்கள். ரெஜினா அவள் வீட்டுக்கு அருகே அனகாபுத்தூரில் வேறொரு குடும்பத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். தனத்தின் வீடு ஒரு முதலாண்டு மாணவிக்குப் போயிருந்தது. நாகர்கோவில்காரி. என் பக்கத்து இருக்கையில் நோட்டுப் புத்தகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது அவளுக்கு முதல் வியாழன்.

"இவங்க பேசுதது எனக்கு வெளங்கவே மாட்டேங்குது மேடம்" என்றாள் ரகசியமாக.

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றேன்.

தனம் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அந்தப் பழைய காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டிய ஊசியை மறக்காமல் போட்டுக்கொள்வதாக, நான் கேட்காமலே சொன்னாள். குழந்தை என் கைக்கு வந்து, வந்த வேகத்தில் திரும்பிப் போயிற்று. முருகேசன் வாசலில் சாயக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இன்றுவரை வந்ததில்லை என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

மாணவி பாயில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள், மூடினாள். தனம் எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். நான் ஏதாவது சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டு, சும்மா இருந்தேன். குழந்தை சிணுங்கியது.

வாசலிலிருந்து முருகேசன் கையை உதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கேளும்மா" என்றார். "இன்னா வோணாலும் கேளு. இன்னிக்கு அவ நடிக்க மாட்டா."